வலப்பக்கமாக வாருங்கள்

ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவர்களைப் பற்றி நாம் எல்லாரும் நிறையப் பேசியிருக்கிறோம். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் என்பது என் வீட்டாரின் நெடுநாளைய அபிப்பிராயம். ஆனால், வாங்குவதற்கே ஒரு காதுதான் உண்டு என்றிருக்கும் மனிதர்களைப் பற்றி, இத்தனை வருஷமாகக் கதை எழுதியும் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. என் கதைகளில் கண் தெரியாதவர் வந்திருக்கிறார். முழுச் செவிடரும் வந்திருக்கிறார். வெட்கத்தோடு சொல்கிறேன், வாசகர்கள் சிரிப்பதற்காகவே வந்திருக்கிறார். ஒரு காது மட்டும் போனவர் வந்ததே இல்லை. அவரைப் பார்த்தால் நமக்குத் தெரியாது. சில சமயம் அவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி எழுதுவது?

தெரிய வைத்தவர் மரக்காணத்துச் சிநேகிதர் ஒருவர். உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். கணக்கர் என்றே அவரை இங்கே குறிப்பிடுகிறேன்.

மரக்காணம் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் இரு பக்கமும் கண்ணாடிச் சில்லுகளை அடுக்கிவைத்தாற்போல் பாத்திகள். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனுக்குரிய எயிற்பட்டினம் என்று வருகிற ஊர் இதுதான் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்கிறார்கள். கிரேக்க மாலுமியின் குறிப்பில் வருகிற சோபட்மா என்ற துறைமுகமும் இதுவே என்பது அவர்களில் சிலருடைய கட்சி. பூமீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் இந்த ஊர்ப் பக்கத்தில்தான் முடிகிறது. ஒரு காலத்தில் உப்பு மூட்டைகள் படகேறிச் சென்னைக்குப் போன வழி அது. இந்தப் பழம்பெருமைகளைப் பார்த்து எழுதலாம் என்றுதான் நான் சென்ற ஆண்டு சித்திரை வெயிலில் அங்கே போனேன். எழுதியது வேறாகிவிட்டது.

முதல் நாள் எனக்குக் கணக்கர் மேல் கொஞ்சம் மனத்தாங்கல். வரப்பில் அவருக்கு இடப்புறமாக நடந்துகொண்டு இரண்டு முறை கேள்வி கேட்டேன். பதில் இல்லை. மூன்றாம் முறை கேட்டபோது அவர் பாத்தியைப் பார்த்தபடி தம் பாட்டுக்கு நடந்தார். 'எழுத்தாளன் என்றால் இவ்வளவுதான் மதிப்பு போலும்' என்று நினைத்துக்கொண்டேன். உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "அவருக்கு அந்தப் பக்கம் காது வராதுங்க. இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

வலப்பக்கமாக வந்து கேட்டேன். உடனே பதில் வந்தது, தேவைக்கு மேல் விவரமாகவே வந்தது. அரை மணி நேரம் பேசிக்கொண்டு நடந்தோம். பிறகு உப்புநீர் இறைக்கும் இஞ்சினின் பக்கத்தில் போனோம். அது டப டப என்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கத்தினால் கேட்டது. அவருக்கு வலப்பக்கம் நின்று கத்தியும் கேட்கவில்லை. இஞ்சின் அவருடைய வலப்பக்கமாகத்தான் இருந்தது. கையை விரித்துச் சிரித்துவிட்டு, "அந்தாண்டை போயிடலாம் ஸார். இங்கே நான் சுத்தமாச் செவிடு" என்றார்.

அன்று மாலை ஓலை போட்டு மூடிய உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்ன கதை இது. எட்டு வருஷங்களுக்கு முன், உப்பு நன்றாக விளைகிற பங்குனி மாதத்தில், ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. உள்ளே 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். வலியில்லை, காய்ச்சல் இல்லை. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தார். வீட்டில் நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி விட்டார்கள். சந்தைக்குப் போன இடத்தில் ஒருவர் பார்த்துக் குரும்பி என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். உப்பு வாரும் காலம். வேலையை விட முடியாது. மறு காது நன்றாகக் கேட்கிறதே! இரண்டு மாதம் கழித்து, வானம் இருண்டு வேலை நின்ற ஒரு நாளில் புதுச்சேரிக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தார். "அந்த டாக்டரம்மா ஒரு கவட்டைக் கம்பியைத் தட்டி என் நெற்றியிலே வெச்சாங்க. எந்தக் காதிலே கேக்குதுன்னாங்க. நல்ல காதிலேன்னேன். அவங்க முகம் அப்படியே மாறிட்டுது ஸார்" என்றார்.

நல்ல காதில் கேட்டால் முகம் ஏன் மாற வேண்டும்? ஊர் திரும்பிய பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை. புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அந்தக் கவட்டைக் கம்பிக்குப் பின்னால் முந்நூறு வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது.

அந்தக் கம்பியைச் செய்தவர் டாக்டரல்ல, சங்கீதக்காரர். 1711ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரண்மனையில் எக்காளம் ஊதிய ஜான் ஷோர் என்பவர், வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பதற்காக அந்த இசைக்கவையைச் செய்தார். நூறு வருஷத்துக்கு மேல் அது பாட்டுக்காரர் பையிலேயே கிடந்தது. அப்புறம் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் வேபர் 1834இல் வெளியிட்ட நூலில் ஒரு வேடிக்கையைக் குறித்தார். அந்த வேடிக்கையை வாசகர்கள் இப்போதே செய்து பார்க்கலாம். வலது காதை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று முனகுங்கள். ஒலி எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது? திறந்த காதில் அல்ல, அடைத்த காதில்!

இசைக்கவையைத் தட்டி நடு நெற்றியில் வைத்தாலும் இதே கதைதான். ஒலி காற்று வழியாக வராமல் எலும்பு வழியாகச் செவியின் உட்பாகத்துக்குப் போகிறது. குரும்பியோ, சீழோ, செவிப்பறையில் ஓட்டையோ, நடுக்காதின் சிறு எலும்புகளில் கோளாறோ இருந்தால் அது வாசலில் உள்ள அடைப்பு; அப்போது ஒலி கெட்ட காதிலேயே பலமாகக் கேட்கும். அதற்குப் பெரும்பாலும் பரிகாரம் உண்டு. நத்தை போலச் சுருண்டிருக்கும் உட்செவியோ, அதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்போ கெட்டிருந்தால், ஒலி நல்ல காதுக்கு ஓடிவிடும். டாக்டரம்மாவின் முகம் மாறியது இதனால்தான். கணக்கர் இரண்டு மாதமாக வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளே விளக்கு அணைந்திருந்தது.

விஷயம் இத்தனை சுலபமாக முடியவில்லை. 1855இல் ஹைன்ரிக் ரின்னே என்ற ஜெர்மானிய வைத்தியர் இன்னொரு சோதனை சொன்னார். இசைக்கவையின் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைப்பது. பிறகு அதன் கிளைகளைக் காதுக்கு முன்னால் பிடிப்பது. எங்கே நன்றாகக் கேட்கிறது என்று கேட்பது. நல்ல காதுக்கு முன்னால்தான் நன்றாகக் கேட்கும். வாசலடைத்த காதுக்குப் பின்னால்தான் நன்றாகக் கேட்கும். ரின்னே இருந்த காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் 1868இல் காலமான பிறகே உலகத்துக் காது வைத்தியர்கள் எல்லாரும் அதைக் கையாளத் தொடங்கினார்கள். கையாண்டவர்களில் பலர் ஒரு பள்ளத்தில் விழுந்தார்கள்.

அந்தப் பள்ளம் எது என்று பாருங்கள். கணக்கரைப் போல ஒரு காது அடியோடு போனவரிடம் இந்தச் சோதனையைச் செய்கிறோம். செத்த காதுக்கு முன்னால் கவையைப் பிடித்தால் ஒன்றும் கேட்காது. பின்னால் எலும்பில் வைத்தால், "ஆமாம், கேட்கிறது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மண்டையோடு முழுதும் ஒரே எலும்புக் கூடு. இடப்பக்கம் வைத்த அதிர்வு அந்தக் கணமே வலப்பக்கத்து நல்ல உட்செவியை எட்டிவிடுகிறது. கேட்டது நல்ல காது. பெயர் வாங்கியது கெட்ட காது. வைத்தியர் என்ன நினைப்பார்? 'முன்னால் கேட்கவில்லை, பின்னால் கேட்கிறது. வாசல் அடைப்புத்தான்' என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பார். கூட்டுக் குடும்பத்தில் ஒரு தம்பியின் கடனை அண்ணன் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டே வருவதில்லையா? தம்பி நொடித்துப்போனது ஊருக்குத் தெரியாது. அண்ணனின் பையை ஒரு நாள் பூட்டி வைத்தால்தான் தெரியும்.

நல்ல காதைப் பூட்டிவைக்க வழி கண்டவர் ராபர்ட் பாரனி. வியன்னாவில் 1876இல் பிறந்தவர். கடிகாரச் சாவி போல முறுக்கிவிட்டால் கடகடவென்று இரைகிற ஒரு சிறு பெட்டியைச் செய்து, அதன் முனையை நல்ல காதில் வைத்தார். அந்த இரைச்சலில் நல்ல காது மூழ்கிக் கிடக்கும்போது கெட்ட காதைச் சோதித்தார். அதற்கப்புறம் கெட்ட காது ஒளிந்துகொள்ள இடமில்லை. இன்றைக்குக் கேள்விமானி என்று மின்சாரக் கருவி வந்துவிட்டது. 1922 முதல் அது வியாபாரத்துக்கு வந்தது. கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காதில் குமிழ்களை மாட்டுகிறார்கள். ஆனால் நல்ல காதில் 'உஸ்' என்று இரைச்சலைப் பாய்ச்சிவிட்டு மற்றதைச் சோதிக்கும் முறை மாறவில்லை. இந்தக் காரியத்தைச் சோம்பலால் விட்டுவிட்டால், காகிதத்தில் வரும் கோடு எத்தனை அழகாயிருந்தாலும் பொய்க் கோடுதான்.

பாரனியின் வாழ்க்கை ஒரு நாவலுக்குக் காணும். காதைக் கழுவும் தண்ணீர் ரொம்பச் சூடாகவோ ஜில்லென்றோ இருந்தால் நோயாளிகள் தலை சுற்றுகிறது என்று முறையிட்டதைப் பிடித்துக்கொண்டு, உடலின் நிதானத்தைக் காப்பதும் காதுதான் என்பதை அவர் விளக்கினார். அதற்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் யுத்த கைதியாக ரஷ்யர்களிடம் இருந்தார்! ஸ்வீடன் இளவரசர் கார்ல் தலையிட்டு 1916இல் அவரை விடுவித்தார்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த உப்பு இஞ்சின் ஞாபகத்துக்கு வந்தது. மரக்காணத்தில் கணக்கருக்கு வலப்புறம் இரைந்துகொண்டிருந்ததும் ஒரு பாரனிப் பெட்டிதான். அமைதியான வரப்பில் நல்ல காது இரண்டு காதின் வேலையையும் செய்துவந்தது. இஞ்சின் அதை அமுக்கியவுடன் உண்மை வெளிவந்துவிட்டது. ஒற்றைக் காதுக்காரர்கள் வீட்டில் சுகமாக இருந்துவிட்டுக் கல்யாணப் பந்தலில் மட்டும் ஊமையாகிவிடுவது இதனால்தான். 'பேசாமலே உட்கார்ந்திருந்தார், கர்வி' என்று சம்பந்தி வீட்டார் சொல்லிக்கொண்டு போவார்கள்.

கர்வி என்று நானே நினைத்தவன். அதைவிடக் கொடியதும் நினைக்க ஆளுண்டு. கணக்கர் முதலாளியிடம் ஒரு முறை வசவு வாங்கினாராம்: "வேண்டும்போது கேட்கிறது, வேண்டாதபோது கேட்கவில்லையோ?" இந்தச் சந்தேகத்துக்கும் சரித்திரம் உண்டு. பட்டாளத்திலிருந்து தப்பவும் நஷ்டஈடு வாங்கவும் ஒரு காது கேட்கவில்லை என்று நடித்தவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். அவர்களைப் பிடிக்க 1900இல் ஸ்டெங்கர் என்பவர் ஒரு பொறி கண்டார். ஒரே சுருதியை இரண்டு காதிலும் ஒலித்து, 'கேளாத' காதில் சற்றுப் பலமாக வைப்பது. பலமான பக்கத்து ஒலி மட்டுமே மனிதனுக்கு உணர்வாகும். நடிப்பவன் "ஒன்றுமே கேட்கவில்லை" என்பான். நல்ல காதில் ஒலித்தது கேட்டிருக்க வேண்டுமே என்பதை மறந்துவிடுவான். 1911இல் பாரிஸ் நகரத்து லொம்பார்டு வேறொரு வழி கண்டார். ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, நல்ல காதில் இரைச்சலை விடுவது. மற்றக் காது நிஜமாகவே போயிருந்தால், தம் குரல் தமக்குக் கேட்காமல் அவர் தம்மை அறியாமலே கத்தத் தொடங்குவார். நடிப்பவரோ பழைய குரலிலேயே படித்துக்கொண்டிருப்பார். பொய்யரைப் பிடிக்க வந்த இந்தச் சோதனைகள், பொய்யரல்லாதவருக்கும் சாட்சி சொல்லின. கணக்கரின் முதலாளிக்கு லொம்பார்டைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சட்டத்துக்கும் இந்த மனிதர்கள் கண்ணில் படவில்லை. நம் நாட்டின் 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கேள்விக் குறையை 'இரண்டு காதிலும்' இத்தனை டெசிபல் என்றுதான் அளக்கிறது. ஒன்று முழுதாகப் போய் மற்றொன்று முழுதாக இருந்தால் அந்தக் கணக்கில் இடமில்லை.

கதை படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு கிளைக் கதை. கலிவர் யாத்திரையை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், வாலிபம் முதலே தலைசுற்றலும் காது மந்தமும் மாறி மாறி வந்து வதைபட்டவர். ஆப்பிளை அளவுக்கு மீறித் தின்றதால் வந்த வினை என்று கடைசிவரை நம்பினார். அவர் 1745இல் இறந்தார். தலைசுற்றல், இரைச்சல், மந்தம் மூன்றும் உட்செவியிலிருந்து சேர்ந்து வரும் என்று பாரிஸில் மெனியே என்ற டாக்டர் சொன்னது 1861இல்தான். அந்த நோய் பெரும்பாலும் ஒரு காதில் தொடங்குவது. ஸ்விஃப்டின் கடைசி நாட்களைப் பற்றி 1849இல் புத்தகம் எழுதினவர் டப்ளின் நகரத்துக் காது வைத்தியர் வில்லியம் வைல்டு. காதில் சீழ் வடிவதை யாரும் சாதாரணமாக எண்ணக்கூடாது, அது உள்ளே மூளைவரை போகும் என்று 1853இல் காது சிகிச்சை பற்றிப் பெரிய நூலும் எழுதினார். அவருடைய மகன்தான் ஆஸ்கார் வைல்டு. அப்பாவின் நூலில் உள்ள அதே ஆபத்து மகனைப் பிடித்தது. சிறையில் விழுந்து அடிபட்ட காதோடு வெளியே வந்து, 1900 நவம்பரில் பாரிஸ் ஓட்டலறையில் அவர் இறந்தபோது, காதிலிருந்து மூளையுறைக்குப் பரவிய நோயே காரணம் என்று பிற்காலத்து டாக்டர்கள் பலர் கருதுகிறார்கள். ஒரு காதில் சீழ் வடிவதை 'அது வரும், போகும்' என்று பஞ்சை அடைத்துக்கொண்டு திரிபவர்கள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதைச் சொன்னேன்.

கணக்கரிடம் திரும்புகிறேன். கேள்விமானி பார்த்த பிறகு டாக்டரம்மா அவரை ஸ்கான் எடுக்கச் சொன்னார். வீடே கலங்கிப்போயிற்று. இரண்டு காதும் சேர்ந்து மந்தப்பட்டால் வயசு, சத்தம், பரம்பரை என்று பலதும் சொல்லலாம். ஒரே ஒரு காது காரணமில்லாமல் மந்தப்பட்டால், அந்தப் பக்கத்து நரம்பின் மேல் சிறு கட்டி வளர்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இந்தக் கட்டியைப் பற்றி 1917இல் பெரிய நூல் எழுதினவர் அமெரிக்க மூளைச் சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங். அவர் காலத்தில் கட்டி எலுமிச்சை அளவு வளர்ந்து, நடை தள்ளாடி, பார்வை மங்கிய பிறகே நோயாளி வருவார். 1980களின் பிற்பகுதியிலிருந்து காந்த ஸ்கான், மிளகு அளவில் இருக்கும்போதே அதைக் காட்டிவிடுகிறது. அது புற்றுநோயல்ல, மெதுவாக வளர்வது. சிலருக்கு வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், சிலருக்குக் கதிர், சிலருக்குக் கத்தி. ஒரு காது மந்தப்பட்டவர் நூறு பேரில் சிலருக்குத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிலர் யார் என்று பார்க்காமல் தெரியாது. நம் சிநேகிதருக்கு ஸ்கானில் ஒன்றுமில்லை.

"ஒண்ணுமில்லேன்னதும் அவ்வளவு சந்தோஷம் ஸார். அப்புறந்தான் அந்தம்மா கேட்டாங்க: ரெண்டு மாசம் முன்னாடி ஏன் வரலேன்னு."

இந்த இடத்தை வாசகர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூன்று நாளுக்குள், சில சமயம் ஒரே இரவில், ஒரு காது நரம்பு வழியாக மந்தப்படுவது வைத்தியத்தில் அவசர விஷயம். பெரும்பாலோருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. சிலருக்குத் தானாகவே ஓரளவு திரும்பும். ஸ்டீராய்டு மருந்தை உடனே கொடுத்தால் பலன் உண்டு என்று 1980இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளிவந்தது. அந்த மருந்தின் சக்தி எவ்வளவு என்பதில் நிபுணர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. கொடுப்பதானால் முதல் சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதில் வாதமில்லை. செவிப்பறை வழியாக ஊசியால் செலுத்தும் முறைக்கு இன்னும் சில வாரம் அவகாசம் உண்டு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குக் கெடுதல் செய்யக்கூடிய மருந்து. டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கடையில் கேட்டு வாங்குவதல்ல. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரம். பிரெஞ்சுக்காரர் 1823இலேயே வைத்தியப் பள்ளி வைத்த நகரம் அது; 1964 முதல் ஜிப்மர் இருக்கிறது. கணக்கர் அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலியில்லாத நோயை நம்மில் யார் மதிக்கிறோம்? அவருடைய நல்ல காதே அவரை ஏமாற்றிவிட்டது.

இனி என்ன செய்வது? போன காது போனதுதான். இருக்கிற காதைக் கொண்டு வாழ வழி தேட வேண்டும். 1965இல் ஹார்ஃபோர்டு, பாரி என்ற இரு அமெரிக்கர்கள் ஓர் உபாயம் சொன்னார்கள். செத்த காதுப் பக்கம் ஒலிவாங்கியை வைத்து, அங்கே வரும் பேச்சை நல்ல காதுக்குக் கடத்திக் கொடுப்பது. முதலில் கம்பி வழியாகக் கடத்தினார்கள். இப்போது கம்பியில்லாமலே போகிறது. அதே 1965இல்தான் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் தொடங்கியது. 1977இல் ஸ்வீடனில் காதுக்குப் பின்னால் எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, எலும்பு வழியாகவே ஒலியை அனுப்பத் தொடங்கினார்கள். ரின்னே சோதனையில் வைத்தியர்களைப் பள்ளத்தில் தள்ளிய அந்த எலும்புப் பாதையே இங்கே உபகாரமாகிவிட்டது! செத்த காதுக்குள்ளேயே மின்கம்பியைச் செலுத்தி நரம்பைத் தூண்டும் முறையையும் 2008 வாக்கில் ஒற்றைக் காதுக்காரர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். காதிரைச்சலும் சிலருக்கு அடங்கியது. எல்லாம் பணம் பிடிக்கும் வைத்தியம். கணக்கர் முதலாவது கருவியை ஒரு மாதம் மாட்டிப் பார்த்தார். வீட்டில் நன்றாக இருந்தது. அளத்தில் உப்புக் காற்றையும் இஞ்சினையும் சேர்த்துக் காதில் கொட்டியது. இப்போது கல்யாணங்களுக்கு மட்டும் மாட்டிக்கொண்டு போகிறார்.

எந்தக் கருவியும் சுலபமாகத் திருப்பித் தராத ஒன்று, திசை. ஒலி எங்கிருந்து வருகிறது என்று நாம் அறிவது எப்படி? ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு 1907இல் அதை விளக்கினார். ஒரு பக்கத்து ஒலி மறுபக்கத்துக் காதை ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தோடு எட்டுகிறது. மெல்லிய கீச்சு ஒலிகளைத் தலை தன் நிழலால் குறைத்தும் விடுகிறது. இந்த இரண்டு வித்தியாசத்தையும் வைத்து மூளை திசை பார்க்கிறது. ஒரு காது போனால் ஒப்பிட ஆளில்லை. உலகம் முழுதும் ஒரே பக்கத்திலிருந்து பேசுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும்போது கணக்கருக்கு ஹாரன் கேட்கும். பஸ் எங்கே என்று தெரியாது. நின்று, இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கடக்கிறார். பேரன் கொல்லையில் "தாத்தா" என்று கூப்பிட்டால் தெருவைப் பார்க்கிறார்.

அந்தக் குடும்பம் தானாகவே ஒரு சிகிச்சை முறையை ஏற்படுத்திக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு உட்காரும்போது சுவர் அவருக்கு இடப்பக்கம், மனிதர்கள் வலப்பக்கம். அவர் மனைவி நடக்கும்போது எப்போதும் வலப்புறம் வருகிறாள். இஞ்சின் அருகே போனால் நல்ல காதில் அடைப்பான் வைத்துக்கொள்கிறார். இருப்பது ஒன்றுதான், அதையும் சத்தத்துக்குப் பலி கொடுக்கலாமா? வருஷத்துக்கு ஒரு முறை அந்தக் காதையும் சோதித்துக்கொள்கிறார். முன்பெல்லாம் கேட்காததற்குத் தலையாட்டிச் சமாளித்தவர், இப்போது யாராயிருந்தாலும், "வலப்பக்கமா வாங்க, எனக்கு இடது காது கேக்காது" என்று சொல்லிவிடுகிறார். அதைச் சொல்லப் பழக இரண்டு வருஷம் ஆயிற்றாம்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த சமயத்தில் அவரிடமிருந்து டெலிபோன் வந்தது. இஞ்சின் ஓட்டுகிற பையன் ஒருவன், இருபத்தாறு வயசு, காலையில் எழுந்ததும் வலது காது அடைத்திருக்கிறது, இரைச்சலாயிருக்கிறது என்று சொன்னானாம். யாரோ எண்ணெய் காய்ச்சப் போனார்கள். கணக்கர் கணக்கு நோட்டை மூடிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, அவனைக் கையோடு அடுத்த பஸ்ஸில் புதுச்சேரிக்கு அழைத்துப்போய்விட்டார். அன்றைக்கே மருந்து தொடங்கினார்கள். மாதம் ஒன்று கழித்துப் பார்த்ததில், முழுதும் திரும்பவில்லை; பாதிக்கு மேல் திரும்பியிருக்கிறது.

"பஸ்ஸிலே ஒரு வேடிக்கை ஸார்" என்றார். "அவனுக்கு வலது காது கேக்கலை, எனக்கு இடது காது கேக்காது. எப்படி உக்காரறதுன்னு ரெண்டு பேரும் யோசிச்சோம். நான் ஜன்னலோரம், அவன் எனக்கு வலப்பக்கம். ரெண்டு நல்ல காதும் எதிரும் புதிருமா ஆயிடுச்சு. புதுச்சேரி வரைக்கும் பேசிக்கிட்டே போனோம்."